அம்மா பிறந்த ஊர் ஊருக்கே தெரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நெட்பேங்கிங் பாஸ்வேர்டு மறந்துபோனால் கேட்பதற்கு அம்மா பிறந்த ஊர், படித்த பள்ளி, பிடித்த சாப்பாடு என்று மூன்று கேள்விகள் போட்டு வைத்திருக்கிறேன். இது எனக்கு மட்டும்தானே தெரியும், போதாதா? (குடியாத்தம் வாசகர்)

உங்களுக்கு மட்டுமா? என் மேசையில் ஒரு காதணி விழாப் பத்திரிகை இருக்கிறது. குழந்தை பெயர், தாத்தா பாட்டி பெயர், தாய்மாமன் பெயர், அவர் ஊர் எல்லாம் அச்சில் இருக்கிறது. தாய்மாமன் ஊர் தெரிந்தால் அம்மா பிறந்த ஊர் பெரும்பாலும் தெரிந்த மாதிரிதான். அதையே படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம், தெருமுனையில் ஃபிளெக்ஸும் கட்டுகிறோம். பள்ளி பெயர் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்திலேயே இருக்கும், பழைய மாணவர் குரூப்பிலும் இருக்கும்.

சாப்பாட்டுக் கேள்வி அதைவிட மோசம். 2015-ல் கூகுள் ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஆங்கிலம் பேசும் பயனர்களின் 'பிடித்த உணவு' பதிலை ஒரே ஊகத்தில் கண்டுபிடிக்க 19.7 சதவீத வாய்ப்பு இருந்தது. அங்கே ஊகம் பீட்சா. நம் பக்கத்து ஆள் என்றால் திருடன் பிரியாணி என்று அடித்துப் பார்ப்பான். இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் கொடுப்பது, கதவைப் பூட்டிவிட்டு சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம்.

கேள்வி: அப்படியானால் பொய்யாகப் பதில் போடலாமா?

தாராளமாகப் போடலாம், ஆனால் யோசித்துப் போடுங்கள். அதே ஆய்வில் 37 சதவீதம் பேர் வேண்டுமென்றே பொய்ப் பதில் கொடுத்ததாக ஒப்புக்கொண்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரிப் பொய் சொன்னதால் மொத்தத்தில் ஊகிப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. அம்மா ஊர் வேலூர் என்பதற்குப் பதில் சென்னை என்று போட்டால் அது பொய்யே இல்லை, அடுத்த ஊகம். 'முறம் 47 தண்டவாளம் நுங்கு' மாதிரி கேள்விக்குச் சம்பந்தமே இல்லாததைப் போடுங்கள் (இதையே போட்டுவிடாதீர்கள், எல்லாரும் படித்தாயிற்று). வங்கிக்கு ஒன்று, மெயிலுக்கு வேறு ஒன்று. ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். எழுதி வைக்கலாமா என்று பயப்பட வேண்டாம், எங்கோ உட்கார்ந்து திருடுகிறவனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது.

கேள்வி: 'பிறந்த மாவட்டம்' என்ற கேள்விக்கு நான் உண்மையைத்தான் சொன்னேன், தவறு என்கிறது. ஏன்? (வாலாஜா வாசகி)

உண்மை மாறிக்கொண்டே இருந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும், அம்மா. நீங்கள் பிறந்தபோது அது வடஆற்காடு. 1989-ல் அந்த மாவட்டம் பிரிந்து, பெயரும் மாறி, பிறகு வேலூர் ஆயிற்று. 2019-ல் வேலூரும் மூன்றாகி வாலாஜா ராணிப்பேட்டைக்குப் போய்விட்டது. கணக்கு தொடங்கிய அன்று எதைப் போட்டீர்களோ அதைத்தான் கணினி கேட்கும். அதோடு, நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் அடிக்கும்போது குடியாத்தத்துக்கு ஒரு 'டி'யா இரண்டு 'டி'யா என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கூகுள் ஆய்விலேயே அமெரிக்காவில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் 40 சதவீதம் பேருக்கு, தேவைப்பட்ட நேரத்தில் தாங்கள் கொடுத்த பதில் நினைவுக்கு வரவில்லை. திருடன் ஊகித்துவிடுகிறான், உரியவர் வெளியே நிற்கிறார். எனக்கு இதில்தான் கோபம் அதிகம். ஆதார், பாஸ்புக்கோடு கிளைக்கு நேரில் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வங்கியில் ஓடிபி வருகிறதே, பழைய மெயில் கணக்கில் இருக்கும் கேள்வியைப் பற்றி ஏன் கவலை?

வங்கியின் ஸ்டேட்மென்ட்டும் எச்சரிக்கையும் பல சமயம் அந்த மெயிலுக்குத்தானே வருகின்றன. 2008-ல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாகூ மெயிலுக்குள் ஒரு மாணவர் இப்படித்தான் நுழைந்தார். பிறந்த தேதி, பின்கோடு, கணவரை எங்கே சந்தித்தார் என்ற மூன்றும் இணையத்திலேயே கிடைத்தன. அப்புறம் 2014-ல் அதே யாகூவிலிருந்து குறைந்தது 50 கோடிக் கணக்குகளின் விவரம் திருடு போனது, அதில் சிலருடைய பாதுகாப்புக் கேள்வி-பதில்களும் சேர்ந்து போயின. பாஸ்வேர்டு திருடு போனால் புதிதாக வைக்கலாம். அம்மா பிறந்த ஊரை எப்படி மாற்றுவது? மெயிலில் கேள்வி இருந்தால் எடுத்துவிட்டு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் (பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் முறை) போடுங்கள். போனில் திடீரென்று சிக்னல் போய் வெகுநேரம் வரவில்லை என்றால் சும்மா இருக்காதீர்கள், உங்கள் எண்ணில் வேறு யாரோ சிம் எடுத்திருக்கலாம், உடனே விசாரியுங்கள்.

கேள்வி: கேஒய்சி (வங்கி வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு) என்று போன் வந்தது. பிறந்த தேதி, அம்மா பெயர் சொல்லிவிட்டேன். ஓடிபி சொல்லவில்லை. ஆபத்தா? (காட்பாடி வாசகர்)

ஓடிபி சொல்லாதது நல்லது. ஆனால் அவன் பாதி வேலையை முடித்துவிட்டான், அடுத்த முறை உங்கள் அம்மா பெயரைச் சொல்லியே நம்பிக்கை பெறுவான். இன்றே பாஸ்வேர்டையும் கேள்விகளின் பதிலையும் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் மீதோ வங்கி மீதோ தவறில்லாமல் பணம் போயிருந்து, 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்களுடையதல்ல. நீங்களே ரகசியத்தைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் நேரம்வரை போனது உங்கள் பொறுப்பு, அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் எண்ணை வாங்கி, நேரத்தோடு எழுதி வைக்காமல் போனை வைக்காதீர்கள்.