கம்பைக் கீழே வையுங்கள், தட்டை மேலே வையுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் ஆறு கிலோ எடையுள்ள பொமரேனியன் நாய் ஒன்றும், பூனை ஒன்றும் உண்டு. பூனைக்குக் கடையில் வாங்கும் உலர் உணவை அடுக்களை மூலையில் தட்டில் கொட்டி வைப்போம். நாய் தன் சோற்றைத் தின்று முடித்துவிட்டு அதையும் காலி செய்துவிடுகிறது. கம்பெடுத்து அடித்தும் திருந்தவில்லை. “இரண்டும் ஒரே தீனிதானே, தின்னட்டும்” என்கிறார் மாமியார். நாயை எப்படித் திருத்துவது?
(வாசகி, திங்கள்சந்தை)

பதில்: முதலில் அந்தக் கம்பைக் கீழே வையுங்கள். மீன் வாசம் அடிக்கும் தட்டை நாள் முழுக்கத் தரையில் வைத்துவிட்டு, வாய் வைத்த நாயை அடிப்பதில் நியாயமே இல்லை. அடிபட்ட நாய் திருடாமல் இருக்கக் கற்றுக்கொள்ளாது. நீங்கள் வருவதற்குள் வேகமாக விழுங்கக் கற்றுக்கொள்ளும். சில நாய்கள் தட்டருகே வரும் பூனையைப் பார்த்தே உறுமத் தொடங்கிவிடும். திருத்த வேண்டியது தட்டு இருக்கும் இடத்தை.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே தீனி அல்ல. பூனை மாமிசத்தை நம்பியே வாழும் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடல் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ளாது, உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975-லும், இதயத் தசை தளர்ந்துபோகும் என்று 1987-லும் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதனால்தான் பூனை உணவில் டாரின் சேர்க்கிறார்கள். புரதமும் கொழுப்பும் நாய் உணவைவிடக் கூடுதலாக இருக்கும். ஆறு கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரி போதும். ஐம்பது கிராம் பூனை உணவிலேயே அதில் பாதி வந்துவிடும். தன் சோற்றோடு இதையும் தின்றால் எடை ஏறும், வயிறு கெடும், சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடும்.

பூனையின் பாடு இதைவிட மோசம். தட்டு காலியானால் அது நாயின் சோற்றைத் தேடும், இல்லையென்றால் நீங்கள் சாளைக் கறி மிச்சத்தைப் போடுவீர்கள். அந்தக் கறியில் அரைத்த உள்ளியும் (வெங்காயம்) பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. மீன் கொடுக்க ஆசையென்றால் உப்பு, புளி, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள்.

சரி, தட்டை எங்கே வைப்பது? பெரிய நாய் உள்ள வீட்டில் கதவைச் சங்கிலி போட்டு பூனை புகும் அளவுக்கு மட்டும் திறந்து வைத்தால் போதும், பூனை நுழையும், நாய் நுழையாது. உங்கள் வீட்டில் அது பலிக்காது. பூனை போகும் இடைவெளியில் ஆறு கிலோ நாயும் போய்விடும். சின்ன நாயிடமிருந்து பிரிக்க உயரம்தான் வழி. நான்கடி உயரத்தில் சுவரில் ஒரு பலகை அடியுங்கள், அல்லது உள்பக்கத்து ஜன்னல் திண்டில் வையுங்கள். பக்கத்தில் நாற்காலியோ, மரச்சீனிக்கிழங்கு மூட்டையோ, நாய் ஏறிப்போக உதவும் எதுவுமோ இருக்கக் கூடாது. வெளித் திண்டில் வைக்காதீர்கள், காகம் விடாது. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது, தீவனம் நமுத்துப் பூசணம் பிடிக்கும். எறும்புக்கு, தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே கிண்ணத்தை வைக்கிற நம் வீட்டு வழக்கமே போதும்.

பூனைக்கு வயதாகிவிட்டது, தாவ முடியாது என்றால் பலகை வேண்டாம். ஓர் அறையில் பூனைக்குத் தீனி வைத்துக் கதவைச் சாத்துங்கள், அதே நேரம் நாய்க்கு வேறு இடத்தில் சோறு போடுங்கள். அரை மணி நேரம் கழித்து இரண்டு தட்டையும் எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கொறித்துப் பழகிய பூனையை ஒரே நாளில் இதற்கு மாற்றாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, நாளைக்கு மூன்று நான்கு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பூனை, அதுவும் குண்டுப் பூனை, இரண்டு நாள் எதுவும் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள், ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லை என்றாலே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், நாய்க்கு இந்தப் பசி புதிதாக வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். திடீரென்று பசி கூடியிருந்தாலோ, தண்ணீர் அதிகம் குடித்தாலோ, தின்றும் மெலிந்தாலோ, குடற்புழுவோ சர்க்கரை நோயோ இருக்கலாம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். பூனை உணவைத் தின்ற பிறகு திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, முதுகைக் கூனிக்கொண்டு நின்றால் அன்றைக்கே போக வேண்டும்.