குளியலறைச் சுவரில் குட்டி அந்தா?

கேள்வி: எங்கள் குளியலறைச் சுவரில் சாம்பல் நிறக் குட்டிப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தண்ணீரை வாரி அடித்தாலும் சாவதில்லை. அந்துப்பூச்சியா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பார்க்க அந்துதான், ஆனால் ஈ. நேற்று எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த ஒன்றை லென்ஸில் பார்த்தேன். அந்துக்கு நாலு இறக்கை; இதற்கு இரண்டே. பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல ஒரு குமிழ். பறக்கும்போது தடுமாறாமல் காப்பது அதுதான். உணர்கொம்பு மணி கோத்ததுபோல இருக்கிறது. இறக்கை ஓரத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள், என்ன அழகு! உடம்பெல்லாம் அடர்ந்த ரோமம். தண்ணீர் ஒட்டாமல் உருண்டுவிடுவதால்தான் நீங்கள் ஊற்றியும் சாகவில்லை.

பெயர் கிளாக்மியா அல்பிபங்டேட்டா. நீளம் அரை சென்டிமீட்டர்கூட வராது. உலகின் வெப்பநாடுகள் முழுக்க உண்டு. இப்போது ஜெர்மனி வரை போய்விட்டது. கடிக்காது.

சரி, எங்கிருந்து வருகிறது? வடிகால் குழாயின் உள்சுவரில் படியும் வழவழப்பில்தான் புழு வளர்கிறது. வால்முனைக் குழலை மேலே நீட்டி மூச்சு விடும். மருந்து அடித்துப் பயனில்லை. வடிகால் வாயை மூடியிருக்கும் சல்லடைத் தட்டைக் கழற்றி, நீளமான பிரஷ்ஷால் அந்த வழவழப்பை வழித்தெடுங்கள். வாரம் ஒருமுறை செய்தால் போதும்.