டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு 71 அணிகள் வந்தது எப்படி?

கேள்வி: பெரும்பாலும் முன்பு பிரிட்டன் ஆண்ட நாடுகள் சேர்ந்த காமன்வெல்த் அமைப்பில் 2010இல் இருந்தவை 54 நாடுகள். டெல்லிக்கு வந்தவை 71 அணிகள். மிச்சம் யார்?

அமைப்பின் உறுப்பினர் கணக்கு வேறு, விளையாட்டின் அணிக் கணக்கு வேறு. 54இல் ஃபிஜி அப்போது இடைநீக்கத்தில் இருந்ததால் வரவில்லை. பிரிட்டன் ஒரே உறுப்பினர்தான். ஆனால் மைதானத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என நாலு அணி. பிரிட்டிஷ் முடியாட்சிக்கு உட்பட்ட சிறு தீவுகளான மான் தீவு, ஜெர்சி, கெர்ன்சிக்கும் தனித்தனிக் கொடி. பிறகு பெர்முடா, ஜிப்ரால்டர், ஃபாக்லாந்து போன்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் ஒன்பது. ஆஸ்திரேலியாவின் நார்ஃபோக் தீவு, நியூசிலாந்தோடு இணைந்த குக் தீவுகள், நியுவே. கூட்டிப் பாருங்கள், சரியாக 71 வரும்.

அந்த ஒன்பது பிரிட்டிஷ் பகுதிகளில் என்னை அசத்தியது தென் அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா, நெப்போலியன் 1821இல் இறந்த தீவு. 2010இல் அங்கே விமான நிலையமே கிடையாது. கேப் டவுன் போகவே கப்பலில் சுமார் ஐந்து நாள் ஆனது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் வந்து தங்கியது அக்ஷர்தாம் பக்கத்து விளையாட்டு கிராமத்தில்; நம்மவர்கள் நிறைய பேர் குடியிருக்கும் மயூர் விஹாருக்கு அது கூப்பிடு தூரம்.

இன்னொன்று: உறுப்பு நாடுகள் எல்லாமே பிரிட்டன் ஆண்டவை அல்ல. போர்ச்சுகல் ஆண்ட மொசாம்பிக் 1995இலும், பெல்ஜியம் ஆண்ட ருவாண்டா 2009இலும் சேர்ந்தன. 2022இல் காபோனும் டோகோவும் வர, இப்போது மொத்தம் 56.