கிரவுனுக்கு (பல் உறை) அளவெடுக்கும்போது ஈறுக்குள் நூல் வைப்பது ஏன்?

உங்கள் மருத்துவர் நூல் வைத்தார், தங்கையின் மருத்துவர் வைக்கவில்லை; யார் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே சரியாக இருக்கலாம். கிரவுனுக்காகச் செதுக்கிய பல்லில், செதுக்கல் முடியும் விளிம்பு ஈறுக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் நூல் தேவைப்படாது.

ஈறுக்குக் கீழே இறங்கினால்தான் சிக்கல். அளவெடுக்கும் அச்சுப் பசை அங்கே எட்டாது. ரத்தம் கசிந்தால் விளிம்புக்கோடு மங்கிவிடும். அதனால் ரத்தக் கசிவை நிறுத்தும் அலுமினியம் குளோரைடு மருந்தில் நனைத்த மெல்லிய நூலைப் பல்லைச் சுற்றி அழுத்தி, சில நிமிடம் விடுவார்கள். ஈறு விலகி, விளிம்பு பளிச்சென்று தெரியும். பசைக்குப் பதில் வாய்க்குள் படமெடுத்து அளவெடுக்கும் ஸ்கேனருக்கும் இதே நிலைதான், கண்ணுக்குத் தெரியாததை அது படமெடுக்காது.

தேவையிருந்தும் நேரமில்லையென்று இதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியாது. விளிம்பில் இடைவெளி விழுந்தால் கிரவுனுக்கு அடியில் சொத்தை பரவும். வேர்சிகிச்சை செய்த பல்லென்றால் வலிகூடத் தெரியாது. கிரவுனை ஒட்டும் முன் மருத்துவர் கூர்முனைக் கருவியால் விளிம்பைத் தடவிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். முனை தட்டுகிறது என்றால், மறுபடி அளவெடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.