தராசு இருக்கு, சட்டம் எங்கே? போஷாக்குக் கேள்விகள் சில

போஷாக்குக் கண்காணிப்புக்கு, அதாவது மக்களின் சாப்பாடு, நிறை, உயரத்தைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை நாடு முழுக்க அளந்து பார்ப்பதற்கு, ஒரு சட்டம் வேண்டும் என்று போன கிழமை எழுதினேன். வந்த கேள்விகளில் சில இங்கே.

மாதாமாதம் கிளினிக்கில பிள்ளையை நிறுக்கினம்தானே, பிறகு சட்டம் எதுக்கு அண்ணை? (மல்லாவி)

நிறுக்கிறார்கள், அதில் குறை சொல்லமாட்டேன். தராசைத் தொங்கவிட்டு, முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, உடுப்பைக் கழற்றி, கத்துகிற பிள்ளை அசையாமல் இருக்கும் அந்த ஒரு நொடிக்காகக் காத்து நிற்கிற குடும்பநல உத்தியோகத்தரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அது உங்கள் பிள்ளையின் கணக்கு. நாட்டின் கணக்கு வேறு. கிளினிக் பக்கமே வராத பிள்ளையையும் வீடு தேடிப் போய் அளந்தால்தான் அது சரி வரும். அந்தக் கணக்கில்தான் வடக்கில் இருக்கிற நாங்கள் விடுபட்டோம். 2006/07 குடித்தொகை சுகாதார ஆய்வு நடந்தபோது சண்டை, வட மாகாணத்தையே சேர்க்கவில்லை. 2016இல்தான் 25 மாவட்டமும் உள்ளே வந்தது. அப்போது நாடு முழுக்க ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 17 வீதம் வயதுக்கேற்ற உயரமில்லை, 15 வீதம் உயரத்துக்கேற்ற நிறையில்லை. இந்த இரண்டு ஆய்வுக்கும் நடுவில் வன்னியில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடமே போய்விட்டது! எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா அளக்கவேண்டும் என்று சட்டத்தில் இல்லையென்றால், காசு இருக்கும்போதுதான் அளப்பார்கள்.

வேற நாட்டில இப்பிடிச் சட்டம் இருக்கோ?

அமெரிக்காவில் இருக்கிறது, ஆனால் லேசில் வரவில்லை. 1988இல் அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றியதற்கு ஜனாதிபதி ரீகன் கையெழுத்து வைக்கவில்லை, 1990இல்தான் சட்டமானது. பத்து வருஷத் திட்டம் ஒன்று வேண்டும், உணவு வழிகாட்டியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வெளியிடவேண்டும் என்று அதில் எழுதிவைத்தார்கள். அளக்கிற வேலை அதற்கு முன்பே நடந்தது. பரிசோதனைக்கூடத்தை டிரெயிலரில் ஏற்றி ஊர் ஊராகப் போய் இரத்தம்கூட எடுத்துப் பார்ப்பார்கள். பெற்றோலில் ஈயம் குறையக் குறைய மக்களின் இரத்தத்திலும் குறைகிறது என்று 1976–80 ஆய்வில் தெரியவந்தது இப்படித்தான்.

வன்னி எம்பிமார் ஆறு பேரும் சேர்ந்து கொண்டுவரலாமோ? (ஒட்டுசுட்டான்)

அரசாங்கம் கொண்டுவராவிட்டாலும், தனிநபர் சட்டமூலமாக எம்பி ஒருவரே கொண்டுவரலாம். சிக்கல் எங்கே என்றால், அரசியலமைப்பின் 13ஆம் திருத்தப்படி சுகாதாரம் மாகாண நிரலிலும் (மாகாண சபைகளுக்கான அதிகாரப் பட்டியல்) இருப்பதால் அந்த நிரலைத் தொடுகிற சட்டமூலம் மாகாண சபைகளின் கருத்துக்குப் போகவேண்டும், எங்கள் வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பிறகு தேர்தலே இல்லை. அதற்காகச் சும்மா இருக்கத் தேவையில்லை, கடிதம் போடுங்கள். மாவட்ட வாரியாக முடிவு வேண்டும் என்று கேளுங்கள், மாகாண சராசரிக்குள் முல்லைத்தீவை ஒளித்துவிடுவார்கள். (கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாண எம்பிமாருக்கு எழுதவேண்டும், தேர்தல் மாவட்டம் அப்படி.)

ஆய்வுக்கு வாறவையிட்ட உள்ளதைச் சொன்னா உதவிக் காசை வெட்டிப்போடுவாங்களோ எண்டு பயமா இருக்கு. (விசுவமடு)

பயம் நியாயம்தான். ஒரு வீட்டில் மூன்று வேளையும் சமைக்கிறோம் என்று அந்த அம்மா சொன்னா. அடுப்புக்குள் பூனை படுத்திருந்தது. அது வெட்கத்தில் சொன்ன பொய். உங்களைப்போல் பயத்தில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டாலும் கணக்குப் பிழைக்கும். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, எனக்கு அது போதாது. ஆய்வில் சொன்னதை வைத்து எந்த உதவியையும் நிறுத்தக்கூடாது என்று புதுச் சட்டத்திலேயே ஒரு பிரிவு வேண்டும்.

மகன் மெலிவு, ஆனா ஓடித் திரியிறான். பார்க்கவேணுமோ?

ஓட்டத்தைப் பார்க்காதீர்கள், கிளினிக் புத்தகத்தில் பிள்ளையின் நிறையைக் காட்டுகிற கோட்டைப் பாருங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் படுத்துக்கிடந்தால் கிளினிக்கில் காட்டுங்கள். தராசில்தான் பிழை என்று சந்தேகமா? ஒரு கிலோ சீனிப் பைக்கற்றைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், நிறுக்கிற மிஸ் கோபிக்கமாட்டா.