புராஸ்டேட் பயாப்ஸி: சிறுநீரியல் மருத்துவர் பதில்கள்

பி.எஸ்.ஏ. 6.2 வந்திருக்கிறது. பயாப்ஸி அவசியமா?
– வாசகர், சேலம்

வயது, உட்கொள்ளும் மாத்திரைகள், அண்மையில் சிறுநீர்த் தொற்று வந்ததா என்ற விவரம் ஆகிய எதையும் எழுதாமல் ஓர் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு. அது 4 முதல் 10 வரை உள்ளவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கே புற்று இருக்கும். எஞ்சியோருக்கு வீக்கமோ தொற்றோ காரணமாக இருக்கலாம். தொற்று இருந்திருந்தால் அது குணமாகி ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். அப்போதும் அளவு குறையாவிட்டால், மருத்துவர் விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்த்து, எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகே பயாப்ஸியை, அதாவது ஊசியால் சுரப்பியிலிருந்து திசுத் துணுக்குகளை எடுத்துச் சோதிப்பதை, முடிவு செய்வார்.

ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்கிறார்களே?
– வாசகர், திண்டுக்கல்

பரவாது. ஊசித் தடத்தில் புற்றணுக்கள் படிவது மிக மிக அரிது. அதற்கு அஞ்சிக் கண்டறிதலைத் தள்ளிப்போடுவதே ஆபத்து.

68 வயதான என் தந்தைக்கு பி.எஸ்.ஏ. 9 இருந்தது. ஓராண்டாகப் புராஸ்டேட் மாத்திரை சாப்பிட்ட பின் 4.6 ஆகிவிட்டது. இனி பயாப்ஸி வேண்டாம் அல்லவா?
– வாசகி, ஈரோடு

இந்தக் கடிதம் மாதம் தவறாமல் வெவ்வேறு ஊர்களிலிருந்து எனக்கு வருகிறது. புராஸ்டேட் வீக்கத்தைச் சுருக்கத் தரப்படும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகிய மருந்துகள் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். புற்று இருந்தாலும் எண் இறங்கக்கூடும். ஆகவே உங்கள் தந்தையின் 4.6 என்ற எண்ணை இரட்டித்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப் படித்தால் அது பழைய ஒன்பதேதான், எதுவும் குறையவில்லை. சிறுநீர் எளிதாகப் போக உதவும் டாம்சுலோசின் மட்டும் சாப்பிடுவோருக்கு இந்தக் கணக்கு இல்லை. ஆனால் இவ்விரு வகை மருந்துகளும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் விற்கப்படுவதால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஆண்டுக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவருக்குத் தம் மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரிவதில்லை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்புகளை விற்கும் ஆய்வகங்களில் பல அதைக் கேட்பதுமில்லை. ‘இயல்பான அளவு’ என்று அச்சடித்துக் கொடுத்துவிடுகின்றன. முடி உதிர்வுக்காகச் சிறு அளவில் ஃபினாஸ்டரைடு எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். இன்னொன்று: இம்மருந்தை எடுத்துக்கொண்டிருக்கும்போது, இறங்கிய எண் மீண்டும் ஏறத் தொடங்கினால், அது நான்குக்குக் கீழே இருந்தாலும் ஐயத்துக்குரியதே. மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம். அட்டையோடு மருத்துவரிடம் கொண்டு சென்று காட்டுங்கள்.

ஆசனவாய் வழியா, தோல் வழியா, எது நல்லது?
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டிலும் வழக்கமாகப் பன்னிரண்டு துணுக்குகள் வரை எடுப்பார்கள், எம்.ஆர்.ஐ.யில் ஐயத்துக்குரிய இடம் தெரிந்தால் அங்கிருந்து கூடுதலாக எடுப்பார்கள். ஆசனவாய் வழியில் ஊசி குடலைக் கடந்து செல்வதால் தொற்று அபாயம் சற்று அதிகம். நம் நாட்டில் குடல் கிருமிகள் பல சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்குக் கட்டுப்படாதவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியே எடுக்கும் வசதி உங்கள் ஊரில் இருந்தால் அதையே கேட்பேன்.

பயாப்ஸிக்கு முன் ஆஸ்பிரினை நிறுத்திவிட்டேன். சரிதானே? பின்னர் ரத்தம் வருமா?
– வாசகர், நாகர்கோவில்

யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? குறைந்த அளவு ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்றவற்றை இதய மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. மறுபடியும் சொல்கிறேன்: சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரில் சில நாட்களும் விந்துவில் சில வாரங்களும் ரத்தம் தென்படுவது இயல்பு. ஆனால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

அறிக்கையில் கிளீசன் 3+3=6 என்று உள்ளது. பத்தில் ஆறு என்றால் முற்றிய நிலையா?
– வாசகர், விருதுநகர்

இல்லை. கிளீசன் என்பது புற்றணுக்கள் எவ்வளவு தீவிரமானவை என்று காட்டும் அளவுகோல். நடைமுறையில் அது ஆறிலேயே தொடங்குகிறது. உங்களுடையது அதன் மிகக் கீழான படி, அதாவது தீவிரம் மிகக் குறைந்த தரக் குழு 1. இத்தகையோரில் பலருக்கு உடனடி அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படுவதில்லை, பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., தேவையானால் மறு பயாப்ஸி ஆகியவற்றால் கண்காணித்து வருவதே போதும். எத்தனை துணுக்குகளில் புற்று இருந்தது, ஒவ்வொன்றிலும் எத்தனை விழுக்காடு என்பதை அறிக்கையில் பார்த்து, உங்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.