உகாண்டா: பத்திரிகை, அரசியல், பட்டாளம் (கேள்வி பதில்)

உகாண்டா அரசியலைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், அங்கே நடப்பது ராணுவ ஆட்சியா, ஜனநாயகமா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரு வரியில் அடங்காது. தேர்தல் நடக்கிறது, நாடாளுமன்றம் கூடுகிறது, நீதிமன்றம் சில சமயம் அரசுக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்கிறது. ஆனால் அதிபர் முசேவேனி 1986 ஜனவரியில் ஆட்சிக்கு வந்தது ஓட்டு வாங்கி அல்ல. 1981இல் கபம்பா ராணுவ முகாமைத் தாக்கித் தொடங்கிய காட்டுப் போரில் ஜெயித்து. அந்தக் கெரில்லாப் படைதான் பிறகு நாட்டின் ராணுவமாக மாறியது. இன்றும் நாடாளுமன்றத்தில் ராணுவத்துக்கென்றே 10 இடங்கள் உண்டு. ஆளுங்கட்சி எங்கே முடிகிறது, பட்டாளம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்டுவது கஷ்டம்.

கேள்வி: பத்திரிகைகள் தைரியமாக எழுத முடிகிறதா?

எழுதுகிறார்கள். 'நியூ விஷன்' அரசுக்குப் பெரும்பங்கு உள்ள நாளிதழ். 1992இல் தொடங்கிய 'மானிட்டர்' தனியாருடையது. மானிட்டருக்கு இரண்டு முறை பூட்டு விழுந்தது. இரண்டுக்கும் காரணம் ராணுவம் சம்பந்தப்பட்ட செய்திதான்.

முதலாவது 2002இல். வடக்கே கிளர்ச்சியாளர்களோடு சண்டை நடந்த பகுதியில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்ததாகச் செய்தி போட்டார்கள். போலீஸ் வந்து அலுவலகத்தை மூடியது.

இரண்டாவதுதான் சுவாரசியமானது. 2013 மே மாதம், உளவுத்துறைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்த ஜெனரல் டேவிட் செஜுசா எழுதிய ஒரு கடிதம் வெளியானது. அதிபருக்குப் பின் அவர் மகன் முஹூசி பதவிக்கு வருவதை எதிர்ப்பவர்களைக் கொல்லத் திட்டம் இருப்பதாகச் சொல்கிறார்களே, அதை விசாரியுங்கள் என்பது கடிதத்தின் சாரம். கடிதத்தைத் தேடுகிறோம் என்று போலீஸ் மானிட்டருக்குள் புகுந்தது. மானிட்டரும், அதே வளாகத்திலிருந்த இரண்டு ரேடியோ நிலையங்களும், வேறிடத்திலிருந்த 'ரெட் பெப்பர்' பத்திரிகையும் சுமார் 10 நாள் மூடிக் கிடந்தன. செஜுசா லண்டனில் தங்கிவிட்டார், அடுத்த வருடக் கடைசியில்தான் திரும்பினார். கொலைத் திட்டம் என்ற பகுதி நிரூபணமாகவில்லை. ஆனால் அன்று பிரிகேடியராக இருந்த மகன், 2024 மார்ச்சில் முப்படைத் தளபதி ஆகிவிட்டார்.

கேள்வி: அவர்தானே நைரோபியைப் பிடிப்பேன் என்று ட்விட்டரில் போட்டவர்?

அவரேதான். 2022 அக்டோபர். தனக்கும் தன் படைக்கும் இரண்டு வாரம்கூடத் தேவைப்படாது என்றார். அப்பா கென்யாவிடம் மன்னிப்புக் கேட்டார். மகனுக்குத் தரைப்படைத் தளபதி பதவி போனது, கையோடு முழு ஜெனரலாகப் பதவி உயர்வும் வந்தது. தண்டனையா, பரிசா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: ராஜதுரோகச் சட்டத்தை வைத்து நிருபர்களை உள்ளே தள்ளுவார்களா?

தள்ளினார்கள். ஆனால் நிருபர்கள் கோர்ட்டுக்குப் போய் அந்தச் சட்டத்தையே ஒழித்துவிட்டார்கள். காங்கோ அதிபர் கபிலா உகாண்டாவுக்குத் தங்கமாகப் பணம் கொடுத்தார் என்ற 1997 செய்திக்காக மானிட்டரின் சார்ல்ஸ் ஒன்யாங்கோ ஒப்போ, ஆண்ட்ரூ ம்வெண்டா இருவர்மீதும் 'பொய்ச்செய்தி' வழக்கு. விடுதலையான பிறகும் விடாமல் வாதாடி, 2004இல் உச்ச நீதிமன்றத்தில் அந்தப் பிரிவையே ரத்து செய்ய வைத்தார்கள். 2005இல் தெற்கு சூடான் தலைவர் ஜான் கராங், முசேவேனியின் ஹெலிகாப்டரில் போகும்போது விபத்தில் இறந்தார். அதுபற்றி ரேடியோவில் பேசியதற்காக ம்வெண்டாமீது ராஜதுரோக வழக்கு. 2010இல் அந்தச் சட்டமும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அப்புறம் ஒன்று. அதே ம்வெண்டா பின்னாளில் முஹூசியின் அரசியல் அமைப்புக்கே பேச்சாளர் ஆனார்.

கேள்வி: சட்டம் போய்விட்டால் அப்புறம் எதைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்?

தடியைக் காட்டி. 2021 பிப்ரவரியில் எதிர்க்கட்சித் தலைவர் பாபி வைன் கம்பாலாவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனார். வெளியே நின்ற நிருபர்களை ராணுவப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அப்போதைய முப்படைத் தளபதி மன்னிப்புக் கேட்டார், சில வீரர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. அங்கே அது அபூர்வம்.

இன்னொன்று ராணுவ நீதிமன்றம். காட்டுப் போரில் முசேவேனிக்கு டாக்டராக இருந்த கிஸ்ஸா பெசிஜ்யே, பிறகு நான்கு தேர்தல்களில் அவரை எதிர்த்தவர். 2024 நவம்பரில் நைரோபியில் அவரைக் கடத்தினார்கள். சில நாளில் கம்பாலா ராணுவ நீதிமன்றத்தில் நின்றார். சிவிலியன்களை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று 2025 ஜனவரி 31இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூனிலேயே, சிவிலியன்களை மறுபடி அங்கே விசாரிக்க வழிசெய்யும் புதுச் சட்டத்தில் முசேவேனி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கேள்வி: கிராமத்தில் யார் பேப்பர் படிக்கப் போகிறார்கள்? அரசு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

சரியான கேள்வி. கிராமத்தில் ரேடியோதான் எல்லாம், அதுவும் உள்ளூர் மொழியில். உகாண்டாவுக்குள்ளேயே இருக்கும் பாரம்பரிய ராஜ்யம் புகாண்டா. அதன் அரசரின் சி.பி.எஸ். ரேடியோ நிலையம் லுகாண்டா மொழியில் ஒலிபரப்புவது. 2009 செப்டம்பரில் அரசரைக் கயுங்கா என்ற பகுதிக்குப் போகவிடாமல் தடுத்ததால் கலவரம் வெடித்தது. அரசு அந்த நிலையத்தை மூடியது. ஒரு வருடத்துக்கு மேல் ஊமையாகக் கிடந்து, 2010 அக்டோபரில் திறந்தது. அதிபர் தேர்தல் 2011 பிப்ரவரியில்.